மாத்திரை உடம்பெல்லாம் போகும்; வெயில் எங்கே விழுகிறது என்பதைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 29, எடை 52 கிலோ. பள்ளி ஆசிரியை. இரண்டு ஆண்டுகளாகக் கைகளிலும் கழுத்திலும் வெண்புள்ளிகள் பரவுகின்றன. தோல் மருத்துவர் மெத்தாக்ஸாலென் 10 மி.கி. மாத்திரை இரண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் மாத்திரை போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து வெயிலில் நிற்க வேண்டும். அன்று முழுவதும் கண்ணாடி போட வேண்டும் என்றார். பி.ஃபார்ம் படிக்கும் என் தம்பி, எலிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சியைக் காட்டினான். கல்லீரல், சிறுநீரகம், கண் என்று எங்கும் மருந்து போயிருக்கிறது. தோலில் இருக்கும் பிரச்சினைக்கு ஏன் இது உடம்பெல்லாம் போக வேண்டும்? உள்ளேயே தங்கிவிடுமா? வகுப்பறைக்குள்ளும் கண்ணாடி அவசியமா, பிள்ளைகள் சிரிக்கிறார்களே? மாத்திரைக்குப் பதில் கார்போகரிசிப் பொடி சாப்பிடலாம் என்கிறார் அம்மா. பயமாக இருப்பதால் இன்னும் தொடங்கவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தொடங்குவதற்கு முன்பே கேட்டீர்களே, அது மிகவும் நல்லது. உங்கள் தம்பி காட்டியது உண்மைதான். வாய்வழியாகப் போகும் மெத்தாக்ஸாலென் தோலை மட்டும் தேடிப் போவதில்லை. குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலைக் கடந்து, இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. மிகச் சிறிய மூலக்கூறு. கொழுப்பில் எளிதாகக் கரையும். அதனால் செல்களைச் சுற்றியுள்ள சவ்வு இதற்குப் பெரிய தடையே இல்லை. இரத்தம் போகும் இடமெல்லாம் இதுவும் போகும்.

ஆனால் போய்ச் சேருவது வேறு, வேலை செய்வது வேறு. மெத்தாக்ஸாலென் சேர்ந்திருக்கும் சோராலென் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இதிலிருந்தே பதில் கிடைத்துவிடும்.

மெத்தாக்ஸாலென் செல்லுக்குள் நுழைந்து, ஏணி போன்ற டி.என்.ஏ.வின் படிகளுக்கு இடையே போய்ச் செருகிக்கொள்ளும். வெளிச்சம் படாவிட்டால் சற்று நேரத்தில் அப்படியே நழுவி வெளியே வந்துவிடும். அந்த நேரத்தில் 320 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதா ஏ கதிர் அதன் மேல் பட்டால், டி.என்.ஏ.வோடு நிரந்தரமாகப் பிணைந்துவிடும். சிகிச்சையின் பலனும் சிகிச்சையின் ஆபத்தும் இந்தப் பிணைப்பிலிருந்துதான் வருகின்றன. புற ஊதா ஏ கதிர் தோலுக்குள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இறங்கும். கல்லீரலுக்கோ சிறுநீரகத்துக்கோ அது போவதில்லை. மருந்தும் வெளிச்சமும் ஒன்றாகச் சந்திக்கக்கூடிய இடங்கள் உடம்பில் இரண்டுதான்: தோலும் கண்ணும்.

இதற்கு இயற்கையே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. நைல் நதிக்கரையில் வளரும் அம்மி மேஜஸ் என்ற களைச்செடியிலிருந்துதான் மெத்தாக்ஸாலென் பிரித்தெடுக்கப்பட்டது. கெய்ரோவில் அப்தெல் மோனெம் எல் மொஃப்டி என்ற தோல் மருத்துவர் 1948-இல் வெண்புள்ளிக்கு இதைக் கொடுத்துப் பலன் கண்டதை வெளியிட்டார். இதே செடியின் விதைகளைத் தின்ற வாத்துகளுக்கும் கோழிகளுக்கும் என்ன நேர்ந்தது என்பதை 1970-களில் இஸ்ரேலியக் கால்நடை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். விதையில் இருந்த பொருள் பறவையின் உடம்பு முழுக்கப் போயிருக்கும். புண் வந்ததோ அலகிலும், கால்விரல்களுக்கு இடையே உள்ள சவ்விலும், கண்ணிலும். அதாவது இறகு மூடாத இடங்களில் மட்டும்.

மனிதரிடமிருந்தும் ஒரு சாட்சி உண்டு. தோலில் தொடங்கும் ஒருவகை டி-செல் லிம்ஃபோமா புற்றுநோய்க்கு, அமெரிக்காவின் ரிச்சர்ட் எடெல்சன் குழு 1987-இல் ஒரு புதிய சிகிச்சையை வெளியிட்டது. நோயாளிக்கு மெத்தாக்ஸாலென் மாத்திரை கொடுத்து, இரத்தத்தை வெளியே எடுத்து, வெள்ளணுக்களின் மீது புற ஊதா ஏ கதிரைப் பாய்ச்சி, மறுபடி உடம்புக்குள் செலுத்தினார்கள். இரத்தத்தில் மருந்து ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது; அப்படியிருந்தும் ஏன் வெளியே எடுக்க வேண்டும்? உடம்புக்குள் ஓடும் இரத்தத்துக்குப் போதிய வெளிச்சம் கிடைக்காது, வெளிச்சம் படாத மருந்து அங்கே அந்த வேலையைச் செய்யாது என்பதால்தான்.

இப்போது எலி ஆராய்ச்சிக்கு வருவோம். இதை உங்கள் தம்பிக்கும் படித்துக் காட்டுங்கள், அவர் படிப்புக்கு உதவும். ஒரு மருந்து திசுக்களில் எப்படிப் பரவுகிறது என்று பார்க்க, மருந்தின் மூலக்கூறில் ஓர் அணுவை எடுத்துவிட்டு அதன் இடத்தில் கதிரியக்கம் உள்ள ட்ரிட்டியத்தையோ கார்பன்-14-ஐயோ வைப்பார்கள். விலங்குக்கு அதைக் கொடுத்து, குறிப்பிட்ட நேரம் கழித்து ஒவ்வோர் உறுப்பிலும் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்று கருவியில் எண்ணுவார்கள். இன்னொரு முறை, உறையவைத்த உடலை முழுசாக மெல்லிய தகடுகளாகச் சீவி, புகைப்படப் படலத்தின் மேல் வைப்பது. 1954-இல் சுவீடனின் ஸ்வென் உல்பெர்க் உருவாக்கிய முறை அது. கதிரியக்கம் உள்ள இடமெல்லாம் கறுப்பாகப் பதியும். பார்ப்பவருக்கு மனம் பதறத்தான் செய்யும். கல்லீரலும் சிறுநீரகமும் கன்னங்கறுப்பாக இருக்கும்.

அந்தக் கறுப்பு நமக்குச் சொல்வது அடையாள அணு இருக்கும் இடத்தை மட்டும்தான். மேயப்போன ஆட்டின் கழுத்தில் மணி கட்டியிருக்கிறோம் என்று வையுங்கள். மணி கிடைத்த இடம் தெரியும். ஆடு இன்னும் அதே கழுத்தோடு அங்கே நிற்கிறதா என்பது தெரியாது. மெத்தாக்ஸாலெனைக் கல்லீரல் வெகு வேகமாகச் சிதைக்கிறது. சிதைந்த துண்டுகளிலும் அந்த அடையாள அணு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அந்தத் துண்டுகளைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. ஆக, அந்த இரண்டு உறுப்புகளும் படத்தில் தூக்கலாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம், உடம்பு மருந்தை வெளியே அனுப்பும் வேலை அங்கே நடப்பதுதான். இப்படி ஒரு கட்டுரையைப் படிக்கும்போது, அளந்தது முழு மருந்தையா, அடையாள அணுவையா என்று முதலில் கேட்க வேண்டும். மருந்து கொடுத்து எத்தனை மணி நேரம் கழித்து அளந்தார்கள் என்பது அடுத்தது. ஒரு மணி நேரத்தில் எடுத்த படமும் மறுநாள் எடுத்த படமும் ஒன்றுபோல் இருக்காது.

"உள்ளேயே தங்கிவிடுமா?" என்ற கேள்விக்குப் பதில் இதிலேயே வந்துவிடுகிறது. மனிதரில் இந்த மருந்தின் சுமார் 95 சதவீதம் சிதைந்த துண்டுகளாக 24 மணி நேரத்துக்குள் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. வாரம் இரண்டு நாள் எடுத்தால் ஒரு வேளை மருந்து போன பிறகுதான் அடுத்தது உள்ளே வரும். மருந்து சேர்ந்துகொண்டே போவதில்லை. சேர்ந்துகொண்டே போவது, மருந்து இருந்த நேரத்தில் தோல் வாங்கிய வெயில். பூவா எனப்படும் இந்தச் சிகிச்சையை நூற்றுக்கணக்கான முறை எடுத்த வெள்ளைத் தோலுள்ள சோரியாசிஸ் நோயாளிகளை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்ததில், தோல் புற்றுநோய் கூடியது தெளிவாகத் தெரிந்தது. நம் தோலில் அந்த ஆபத்து குறைவு என்பதே பெரும்பாலான தோல் மருத்துவர்களின் அனுபவம். ஆனாலும் எத்தனை முறை, எத்தனை நிமிடம் நின்றீர்கள் என்று முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நாளை வேறு மருத்துவரிடம் போனாலும் அந்த நோட்டு கையில் இருக்க வேண்டும்.

ஒன்றை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. வெளிச்சம் இல்லாவிட்டால் இந்த மருந்து முற்றிலும் சாது என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 1989-இல் வெளியிட்ட சோதனையில், எலிகளுக்குக் கதிர் எதுவும் காட்டாமல் மெத்தாக்ஸாலென் மட்டும் கொடுத்தார்கள். கிலோவுக்கு 37.5 மற்றும் 75 மி.கி., வாரம் ஐந்து நாள், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். ஆண் எலிகளின் சிறுநீரகத்தில் கட்டிகள் வந்தன. பெண் எலிகளில் அப்படி வரவில்லை. உங்கள் அளவைப் பாருங்கள்: 52 கிலோவுக்கு 20 மி.கி., அதாவது கிலோவுக்கு 0.4 மி.கி.க்கும் குறைவு, அதுவும் வாரத்தில் இரண்டே நாள். இரண்டுக்கும் நடுவே மலையளவு தூரம் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சோதனையை நாங்கள் மறப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் கேள்வியில்லாமல் இந்த மாத்திரையைத் தொடரக் கூடாது என்பதற்கும், தொடங்கும் முன் கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை செய்வதற்கும் அதுவும் ஒரு காரணம்.

இனி கண். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நிறைய பேர் அலட்சியம் செய்வது இங்கேதான்.

கண்ணின் வில்லைக்கு, அதாவது லென்ஸுக்கு, இரத்தக் குழாய் கிடையாது. சுற்றியுள்ள நீரிலிருந்துதான் மருந்து மெதுவாக அதற்குள் ஊறுகிறது. வெளியேறுவதும் அதே மெதுவோடுதான். இரத்தத்தில் மருந்தின் அளவு ஓரிரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். தோலின் வெயில் கூச்சமும் பெருமளவு எட்டு மணி நேரத்தில் தணியும். வில்லை மட்டும் பின்தங்கி நிற்கும். அது முழுவதும் தெளிய ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளும் புற ஊதா ஏ கதிர் படாமல் காத்துவிட்டால், மருந்து வந்த வழியே வெளியே போய்விடும். வில்லைக்கு ஒன்றும் ஆகாது. கதிர் பட்டால், வில்லையின் புரதத்தோடு மருந்து நிரந்தரமாகப் பிணைந்துவிடும். மேல்தோல் ஏறத்தாழ மாதத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. கெட்ட செல் உதிர்ந்துவிடும். கண் வில்லை அப்படிப் புதுப்பிப்பதில்லை. அதன் நடுவில் உள்ள புரதம் நீங்கள் பிறந்தபோது இருந்த அதே புரதம். அங்கே விழுந்த பிணைப்பை அழிக்க உடம்புக்கு வழியில்லை. விலங்குகளில் புற ஊதா ஏ கதிரோடு மெத்தாக்ஸாலென் சேர்ந்தபோது கண்புரை கூடியது இந்த வழியாகத்தான்.

சிறுவர்களின் வில்லை இந்தக் கதிரைப் பெரியவர்களைவிட அதிகமாக உள்ளே விடும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இந்த மாத்திரையைத் தவிர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனவே வகுப்பறைக்குள்ளும் கண்ணாடி வேண்டும் என்பதே என் பதில். சன்னல் கண்ணாடி, வெயிலில் தோலைச் சிவக்க வைக்கும் புற ஊதா பி கதிரைத் தடுக்கும். புற ஊதா ஏ கதிரைப் பெருமளவு உள்ளே விட்டுவிடும். பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தாலும், பெரிய சன்னல் உள்ள வகுப்பில் நின்றாலும், மேகம் மூடிய நாளாக இருந்தாலும் அது வந்துகொண்டுதான் இருக்கும். கண்ணாடி கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது. வெறும் சாயம் பூசிய மலிவான கண்ணாடி இன்னும் மோசம். இருட்டுக்குக் கண்மணி விரிந்து, வடிகட்டப்படாத கதிர் கூடுதலாக உள்ளே போகும். 400 நானோமீட்டர் வரை தடுக்கும் கண்ணாடி என்று கடையில் கேட்டு, பக்கவாட்டையும் மூடும் வடிவத்தில் வாங்குங்கள். நிறமே இல்லாத வில்லையிலும் இந்தத் தடுப்பு கிடைக்கிறது. வகுப்பில் அதைப் போட்டால் சாதாரண மூக்குக் கண்ணாடி போலத்தான் இருக்கும், யாரும் சிரிக்க மாட்டார்கள். சூரியன் மறைந்த பிறகு கழற்றிவிடலாம்.

நாட்களை யோசித்து வைத்துக்கொண்டாலே பாதித் தொல்லை தீரும். ஞாயிறு காலை எட்டு மணிக்கு மாத்திரை போட்டால், திங்கள் காலை எட்டு மணிக்கு அந்த ஒரு நாள் முடிந்துவிடும். பள்ளியில் கண்ணாடி தேவைப்படுவது வாரத்தின் இன்னொரு நாளுக்கு மட்டும்தான். அதைப் புதனாகவோ வியாழனாகவோ வைக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். விடுமுறை என்பதால் சனி, ஞாயிறு இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிடாதீர்கள். இந்தச் சிகிச்சையில் வரும் சிவப்பு அன்றே தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். "நேற்று ஒன்றும் ஆகவில்லையே" என்று மறுநாளும் நின்று, பிறகு கொப்புளத்தோடு வருபவர்கள் உண்டு. முதல் நாள் சொன்ன நிமிடங்களுக்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். நின்று முடித்ததும் கழுத்தையும் கைகளையும் துணியால் மூடுங்கள், அடுத்த எட்டு மணி நேரத்துக்காவது.

மாத்திரையின் எண்ணிக்கையிலும் கை வைக்காதீர்கள். குடலிலிருந்து வரும் மருந்தில் ஒரு பங்கை, அது உடம்புக்குள் போகும் முன்பே கல்லீரல் அழித்துவிடுகிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை நிரம்பிவிட்டால் மீதி அப்படியே இரத்தத்துக்குப் போகும். அதனால் இரண்டுக்குப் பதில் மூன்று போட்டால் இரத்தத்தில் ஒன்றரை மடங்கு என்று கணக்குப் போட முடியாது, அதைவிடக் கூடலாம். ஒரே எடையுள்ள இருவருக்கு ஒரே மாத்திரை கொடுத்தாலும் இரத்தத்தில் அளவு வெவ்வேறாக இருப்பதும் இதனால்தான். பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை நிமிடம் நிற்கிறார் என்பது உங்களுக்குப் பயன்படாது. வெறும் வயிற்றில் குமட்டும். கொஞ்சம் பாலோ இரண்டு இட்லியோ சாப்பிட்டுப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சாப்பிடுவது முக்கியம். ஒருநாள் இட்லி, இன்னொரு நாள் நெய் மிதக்கும் பொங்கல் என்றால் மருந்து இரத்தத்துக்கு வரும் நேரமே மாறிவிடும், இரண்டு மணி நேரக் கணக்கும் தவறிப்போகும்.

காபி குடிப்பீர்களா? கஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை மெத்தாக்ஸாலென் பலமாகத் தடுக்கிறது. வழக்கமாகச் சில மணி நேரத்தில் குறையும் கஃபீன் அன்று பல மடங்கு நேரம் உடம்பில் நிற்கும். மாத்திரை நாளில் படபடப்பும் தூக்கமின்மையும் வந்தால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் காபியைக் குறைத்துப் பாருங்கள். முகப்பருவுக்கு டாக்சிசைக்ளின், சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின், இரத்த அழுத்தத்துக்குத் தயாசைடு மாத்திரை போன்றவையும் வெயில் கூச்சம் தருபவை. எந்த மருத்துவர் எது எழுதினாலும் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தாலும், லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) இருப்பதாக யாராவது எப்போதாவது சொல்லியிருந்தாலும், மாத்திரையைத் தொடவே வேண்டாம். முதலில் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

அம்மா சொன்ன கார்போகரிசி நம் மண்ணில் வெண்புள்ளிக்கு மிகப் பழங்காலமாகப் பயன்பட்ட விதை. அதில் இருப்பதும் சோராலென்தான். இந்த மருந்துக் குடும்பத்துக்கே அந்தச் செடியின் தாவரப் பெயரிலிருந்துதான் பெயர் வந்தது. நம் முன்னோர் வெயிலோடு சேர்த்துத்தான் அதைப் பயன்படுத்தினார்கள், அவர்களுடைய கவனிப்பின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் கடைப்பொடி ஒரு தேக்கரண்டியில் எவ்வளவு சோராலென் இருக்கிறது என்று உங்களாலோ என்னாலோ சொல்ல முடியாது. விதைக்கு விதை, மண்ணுக்கு மண் அது மாறும். அளவு தெரியாத சோராலென் தெரிந்த சோராலெனைவிடப் பாதுகாப்பானது ஆகாது. அதே கண், அதே தோல், அதே வெயில். இந்த விதையைச் சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சி வந்தவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகளும் உள்ளன. எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது, காலையில் மாத்திரையும் இரவில் பொடியும் சேர்ந்து உள்ளே போவதை. சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் அதை மட்டும் எடுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம். எலுமிச்சைச் சாறு, அத்திப்பால் இவற்றைப் புள்ளிகளின் மேல் தடவிக்கொண்டு வெயிலில் போவதும் கூடாது, இதே குடும்பத்துப் பொருள்கள் அவற்றிலும் உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்று. 311 நானோமீட்டர் அளவிலான குறுகிய அலைவரிசைப் புற ஊதா பி விளக்குச் சிகிச்சை இப்போது பல மருத்துவமனைகளில் இருக்கிறது. அதற்கு மாத்திரை தேவையில்லை. மருந்து கண் வில்லைக்குப் போகும் பேச்சே அங்கே இல்லை, விளக்கு எரியும் நேரத்தில் பாதுகாப்புக் கண்ணாடியால் கண்ணை மூடிக்கொண்டால் போதும். உடம்பில் பரவலாக உள்ள வெண்புள்ளிக்கு இன்று பெரும்பாலான மருத்துவர்கள் முதலில் தேர்ந்தெடுப்பது அதைத்தான். வாரம் இரண்டு மூன்று முறை மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதுதான் சிரமம். அதனால்தான் வீட்டு வெயிலும் மாத்திரையும் இன்னும் பயன்பாட்டில் இருக்கின்றன. உங்கள் ஊருக்கு அருகே அந்த விளக்கு இருந்தால், உங்கள் மருத்துவரிடம் இதைப் பற்றித் தயங்காமல் கேளுங்கள். எந்த முறையானாலும் நிறம் முடி வேர்களைச் சுற்றிச் சிறு புள்ளிகளாகத்தான் முதலில் திரும்பும். அதற்கே பல வாரங்கள் ஆகும். கழுத்தில் சீக்கிரம் வரும். விரல் நுனியிலும், முடி நரைத்துப்போன புள்ளியிலும் பலன் குறைவு. அந்த இடங்களைப் பார்த்துச் சோர்ந்து நிமிடத்தைக் கூட்டிவிடாதீர்கள்.

மாத்திரையையே தேர்ந்தெடுத்தால், முதல் வேளைக்கு முன் கண் மருத்துவரிடம் போய் வில்லையைப் பார்த்து எழுதி வாங்குங்கள். பிறகு சிகிச்சை தொடரும் வரை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை முடிவுகளையும் அதே நோட்டுக்குள் வைத்து எடுத்துப் போங்கள். கண்ணாடி கைக்கு வரும்வரை மாத்திரைப் பட்டையைப் பிரிக்க வேண்டாம்.